தகனத்துக்கு முன் எடுத்த முடியும் பாத அச்சும்: குன்னூர் சேவை பற்றி

எங்கள் ஸ்பிட்ஸ் நாய் மணி மூப்பினால் இறந்தபோது, உடலைக் கோவைக்குக் கொண்டுசென்று எரியூட்டுவதென்று வீட்டில் முடிவு செய்தோம். தகனத்துக்குப் பின் கிடைப்பது எலும்பின் எச்சம் மட்டுமே. கெரட்டின் என்னும் புரதத்தாலான முடியும் நகமும் அந்த வெப்பத்தில் சற்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே வைத்துக்கொள்ள விரும்புவதை முன்பே எடுத்தாக வேண்டும். குன்னூரில் கால்நடை மருத்துவகம் ஒன்றை ஒட்டி முடியையும் பாத அச்சையும் நினைவுப்பொருளாக எடுத்துத்தரும் அம்மையார் ஒருவரை எங்கள் மருத்துவரே அனுப்பிவைத்தார்.

அவர் முதலில் கேட்டது தடுப்பூசி அட்டையையும் இறப்பின் காரணத்தையும்தான். வெறிநோய் என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால் உடலைத் தொடுவதில்லையாம். வெறிநோய்த் தடுப்பு மருந்துக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கிவரும் ஊரில் இந்தக் கண்டிப்பு முறையானதே.

இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும் என்பதால் பாத அச்சை முதலில் எடுத்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கு முடியைக் கத்தரித்துவிட்டு, காலை வளைக்காமல் களிமண் பலகையையே பாதத்தடிக்குக் கொண்டுவந்து அழுத்தினார். அந்தத் தடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி வார்த்த அச்சில், மணியின் முன்காலில் இருந்த பழைய தழும்புகூடத் தெளிவாகத் தெரிகிறது; அதைத் தடவிப் பார்த்த என் அம்மா வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பிளாஸ்டர் அரைமணியில் இறுகிவிட்டாலும், இங்குள்ள மூடுபனியில் உள்ளீரம் போகப் பல நாள் ஆகும். ஈரத்தோடு வார்னிஷ் பூசினால் உரிந்துவிடும் என்று சொல்லி, தங்களிடமே உலர்த்திய பின்புதான் தந்தார்கள்.

கழுத்திலும் வாலிலும் இருந்த முடியைப் பிடுங்காமல் கத்தரித்து, மென்மையான சோப்பு நீரில் அலசி, முழுதாக உலர்த்தி, நூலால் கட்டி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துத் தந்தார்கள். மலையில் இது வெறும் அலங்காரமன்று. ஈரம் புகுந்தால் பூஞ்சை பிடிக்கும், கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு நாய்முடியையும் விட்டுவைக்காது.

முடியை ரெசின் என்னும் தெளிந்த செயற்கைப் பிசினுள் பதித்துச் செய்யும் பதக்கத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளாகும் என்பதை நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். கட்டணத்தையும் வேலை முடிந்த பின்னரே அறிந்தோம். துக்கத்தில் இருப்பவர்கள் விலை கேட்கத் தயங்குவார்கள் என்பதால், அச்சிட்ட பட்டியலை முதலிலேயே கையில் கொடுப்பதுதான் நியாயம். பல் ஒன்றையும் எடுத்துத் தர இயலுமா என்று கேட்டதற்கு, அது மருத்துவரின் வேலை என்று மறுத்துவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் பயணச் செலவு பெற்றுக்கொண்டு வருகிறார்கள். மழைக்காலத்தில் பாதை அடைபடக்கூடும் என்பதால், செல்லப்பிராணி கடைசி நோயில் இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது.