பாத்தே ‘லெ கோல்வா’: காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

1900வாக்கில் பிரான்சில் பாத்தே சகோதரர்கள் விற்ற சின்ன உருளை ஃபோனோகிராஃப் இது; மெழுகு உருளையில் பதிந்த பாட்டைப் பாடும். வார்ப்பிரும்புக் கூடு, சாவி, உருளை மாட்டும் தண்டு, அலுமினியக் குழல், அவ்வளவுதான். மரப்பெட்டி இல்லாததால் கரையான் பயம் இல்லை. இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் அது பெரிய ஆறுதல். குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று குழலை அரிக்கும். கூட்டின் பெயின்ட் புதுசாகப் பளபளத்தால் மயங்க வேண்டாம், பின்னாளில் அடித்ததாக இருக்கலாம்.

முதல் சோதனை மோட்டார். உருளை சுமார் இரண்டேகால் அங்குல விட்டம். ஒலி பதிந்த வரிப்பள்ளம் அங்குலத்துக்கு 100. நான்கு அங்குலம் பாட 400 சுற்று வேண்டும். நிமிடத்துக்கு 160 சுற்று என்றால் இரண்டரை நிமிடம். முழுசாகச் சாவி கொடுத்துவிட்டு, அந்த நேரம் முழுக்க வேகம் குறையாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் தளர்ந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் டப்பாவில் கிரீஸ் கட்டிப்போயிருக்கும். ஸ்பிரிங்கை முழுசாகத் தளர்த்தாமல் டப்பாவைத் திறந்தால் விரல் போய்விடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து கிராஃபைட் கிரீஸ் வையுங்கள்.

நீண்ட சுரம் நெளிந்தால் மோட்டாரின் வேகத்தைச் சீராக்கும் கவர்னரைப் பாருங்கள். சுழலும்போது குண்டுகள் விரிந்து தட்டை இழுக்க, அது தோல் பட்டையில் உரசி வேகத்தைப் பிடித்துவைக்கும். குண்டைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங்கில் ஒன்று முறிந்தாலும் எடை ஒருபக்கம் சாயும். முறிந்ததை மட்டும் மாற்றினால் நெளிவு நிற்காது. எல்லாவற்றையும் ஒரே கனத் தகட்டில் மாற்ற வேண்டும். நாகர்கோவிலில் பழைய சுவர்க்கடிகாரம் பார்க்கும் ஆள் கிடைத்தால் போதும். வீட்டில் யாராவது தேங்காயெண்ணெய் விட்டிருப்பார்கள் (நம் ஊரில் எதற்குத்தான் விடமாட்டோம்!). தூசியோடு சேர்ந்து பசையாகியிருக்கும் அதை வழித்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

உருளையைத் தொட்டு ஒலி எழுப்பும் ஒலிப்பெட்டியில்தான் அதிகம் ஏமாறுவது. உருளையில் ஒலி வரியின் ஆழத்தில் இருக்கிறது. ஒலிப்பெட்டியின் முனையில் வரியைத் தொடும் சின்னக் குமிழ் மேலும் கீழும் ஏறி இறங்கும். கிராமஃபோன் ஊசி பக்கவாட்டில் ஆடுவது. அதை இங்கே வைத்தால் மெழுகு சுருள் சுருளாக உரியும். குமிழை நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறினால் உடைந்த குமிழ். பாட்டோடு ‘ஙொய்’ என்ற இரைச்சல் வந்தால் ஒலிப்பெட்டிக்குள் அதிர்ந்து ஒலி தரும் சவ்வைப் பிடிக்கும் ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். அது சில்லறைச் செலவு.

கூடவே தரும் மெழுகு உருளைகளுக்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள். வெள்ளைப் புள்ளி பூஞ்சணம். அது மெழுகையே தின்றிருக்கும், துடைத்தாலும் இரைச்சல் போகாது. நல்ல உருளையை உள்பக்கம் இரண்டு விரலை விரித்துத் தூக்கி, கூம்பான தண்டில் லேசாகச் செருகினால் போதும். அழுத்தினால் விரிசல் விடும். பாடி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங் முறிந்த கோல்வாவை விலை பேசி வாங்கலாம். தண்டு வளைந்து ஆடினால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.