சுங்கை சிப்புட் ஜெர்சிக் கடையும் பத்துப் பட்டத்து நட்சத்திரமும்

ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்துக் குழுவுக்கு ஜெர்சி அடிக்கக் கடை தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சுங்கை சிப்புட் பழைய கடை வரிசையில் தையல் கடையாக இருந்து, இப்போது அச்சு மெஷினும் வாங்கிப் போட்டிருக்கிறார்களே, அந்தக் கடை. அக்கா தைக்கிறார், அண்ணன் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறார். வேலை சுத்தம், ஆனால் சொன்ன நாளில் கைக்கு வராது. வெள்ளிக்கிழமை என்றார்கள், அடுத்த வாரம்தான் கிடைத்தது.

நாங்கள் கேட்டது மஞ்சள், கறுப்பு, நெஞ்சில் ஒரே ஒரு நட்சத்திரம். எல்லாரும் லிவர்பூல், பார்சிலோனா என்று அடிக்கும்போது எங்களுக்கு மட்டும் நெதர்லாந்தின் டென் ஹாக் நகரத்துக் காற்பந்துக் குழுவான எச்.வி.வி.யின் சட்டை எங்கிருந்து வந்தது என்றால், அது முழுக்க என் கிறுக்குத்தான். நெதர்லாந்தில் தேசியப் பட்டத்தைப் பத்து முறை வென்றால் சட்டையில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளலாம். அப்படித் தகுதி பெற்றவை நான்கே குழுக்கள்: அயாக்ஸ், பி.எஸ்.வி., ஃபெயனூர்ட், அப்புறம் சம்பளம் வாங்காமல் ஆடும் இந்த எச்.வி.வி. 1883இல் தொடங்கிய குழு. முதல் பட்டம் 1891இல், 1900 முதல் 1903 வரை தொடர்ந்து நான்கு, பத்தாவது 1914இல். அயாக்ஸ் தன் முதல் பட்டத்தை வாங்கியதே 1918இல்தான்.

இதையெல்லாம் நான் கடையில் நின்று விளக்கியபோது அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார், "பத்து தடவ ஜெயிச்சாத்தானே தம்பி ஒரு நட்சத்திரம், நீங்க என்னத்த ஜெயிச்சீங்க?"

"கோயில் போட்டியில அரையிறுதி வரைக்கும் வந்தோம்ணே."

"அப்ப கால் நட்சத்திரம் போட்டுத் தரவா?"

சரி, சட்டைக்கு வருவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1954 வரை நெதர்லாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காற்பந்துச் சங்கம் விடவில்லை. கெட்டிக்காரர்கள் வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள், போனவர்களுக்குத் தேசியக் குழுவில் இடம் கிடையாது. 1953 பிப்ரவரி வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் இறந்தபோது, அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவர்களே ஒன்றுகூடி, நிவாரண நிதிக்காக மார்ச் மாதம் பாரிஸில் ஆடி பிரான்ஸை 2-1 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு சங்கத்தால் ரொம்ப நாள் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. எச்.வி.வி.யோ சம்பளப் பக்கம் போகாமல் இன்றும் தன் டீப்புட் திடலில் அமெச்சூராகவே ஆடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பெரிய தியாகம் என்று நான் புகழமாட்டேன். அங்கே ஆடியவர்களைப் பாருங்கள். டோல்ஃப் கெஸ்லர் அப்போது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் பிறந்தவர், அவருடைய அப்பா சுமத்ரா எண்ணெயை வைத்து ராயல் டச்சு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர். 1908 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய காரெல் ஹெய்ட்டிங் பிறந்தது ஜாவாவில். நம் கணக்குப்படி துரை பங்களாப் பிள்ளைகள்! சம்பளமில்லாமல் ஆட கெஸ்லர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன கஷ்டம்? காலையில் பால் மரம் வெட்டிவிட்டு மாலையில் லயத்துக்கு முன்னால் வெறுங்காலோடு ஆடிய நம் தாத்தாக்களும் சல்லிக்காசு வாங்காமல்தான் ஆடினார்கள், அதை யாரும் கொள்கை என்று எழுதி வைக்கவில்லை. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது திடல் போனது, திடலோடு குழுவும் போனது. எச்.வி.வி.க்கு நூறு வருஷத்துக்கு மேலாகத் திடல் கையில் இருக்கிறது, வித்தியாசம் அங்கேதான். துரைமார் சட்டையை லயத்துப் பேரன்கள் போட்டுக்கொண்டு ஆடுவதில் எனக்கு ஒரு குறும்பான சந்தோஷம், அவ்வளவுதான்.

இப்போது சட்டை. துணி பாலியெஸ்டர், அச்சு சப்ளிமேஷன். மை துணிக்குள்ளேயே இறங்கிவிடுவதால் எண்ணும் பெயரும் உரியாது. பருத்தியில் இந்த அச்சுப் பிடிக்காது, அதனால் பருத்திச் சட்டை வேண்டும் என்று அண்ணனிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். மஞ்சள் நன்றாகப் பழுத்த மாம்பழம் மாதிரி வந்திருக்கிறது. கறுப்புதான் கொஞ்சம் ஏமாற்றம், தோள்பட்டையில் துணி இழுபட்டால் அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. வெள்ளைத் துணியில் அடித்தால் அப்படித்தான் ஆகும் என்று அண்ணன் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தையல் மட்டும் அசத்தல். விலாவில் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் பிசகாமல் சேர்கின்றன, கழுத்துப்பட்டைக்கு உள்ளே தனியாக ஒரு நாடா வைத்துத் தைத்திருப்பதால் வேர்வையில் உறுத்துவதில்லை.

தகராறு நட்சத்திரத்தில்தான். அதை மட்டும் துணியோடு அச்சடிக்காமல் தங்க நிற ஸ்டிக்கராகச் சூடு வைத்து ஒட்டிவிட்டார்கள். வாஷிங் மெஷினில் போட்டு எடுத்ததும் பாதிப் பேர் சட்டையில் ஒரு முனை தூக்கிக்கொண்டது. மொத்தத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா அண்ணனை ஒரு முறை முறைத்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்தெடுத்து நூலாலேயே நட்சத்திரம் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. இப்போது அதுதான் சட்டையிலேயே அழகான இடம்.

ஒரு சட்டை 38 வெள்ளி, நீளக்கை என்றால் 5 வெள்ளி கூடுதல். ஈப்போவுக்குப் போய் இதைவிட மலிவாக அடிக்கலாம், ஆனால் நட்சத்திரம் உரிந்தால் யாரிடம் போய் நிற்பது? அளவு கொஞ்சம் சிறிதாக வருகிறது, எல் போடுபவர்கள் எக்ஸ்எல் சொல்லுங்கள். சின்னம், நட்சத்திரம் எதுவானாலும் நூலில் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளி நெருங்கும் நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அக்கா ரவிக்கைக் குவியலுக்கு நடுவில் இருப்பார், உங்கள் ஜெர்சி பொங்கலுக்குத்தான் வரும்.