வேறுபாட்டைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டுவதில்லை

வாகன விவரங்களைச் சேர்த்துவைக்கும் எங்கள் தயாரிப்புத் தகவல் மென்பொருளில் மாடல் ஒப்பீட்டுத் திரை வந்திருக்கிறது. டேட்டா ஏற்றுவதே என் வேலை என்பதால் இதை உண்மையாகவே கசக்கிப் பார்க்கிறேன்.

'வேறுபடுவதை மட்டும் காட்டு' பொத்தான் அருமை. ஒரே மாதிரியான வரிகள் மறைந்து, டாப் வேரியன்ட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அலகு மாற்றமும் சரி: 100 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்றாலும் 73.5 கிலோவாட் என்றாலும் ஒரே திறன் என்று புரிந்துகொள்கிறது.

ஆனால் எண் எப்படி அளக்கப்பட்டது என்று அதற்குக் கவலையே இல்லை. ஒரு மின்காரின் ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் ஓடும் தூரம், என்இடிசி என்ற பழைய சோதனை முறையிலும், இன்னொன்றின் ரேஞ்ச் அதற்குப் பின் வந்த டபிள்யூஎல்டிபி முறையிலும் இருக்கும். பழைய முறை பொதுவாகவே கூடுதலாகக் காட்டும். திரையோ பெரிய எண்ணுக்குப் பச்சை அடித்து ஜெயிக்க வைத்துவிடுகிறது! கெர்ப் எடையிலும், அதாவது ஓடத் தயாராக நிற்கும் வெறும் காரின் எடையிலும், இதே கூத்து. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநருக்கென 75 கிலோ சேர்ந்திருக்கும். சேர்க்காத கணக்கும் உண்டு. ஒரே கார் இரண்டு எடையில் நிற்கும்.

'சோதனை முறை' என்று தனிப் புலம் உருவாக்கி, அதைக் கட்டாயமாக்கிச் சமாளிக்கிறேன். அது காலியாக இருந்தால் அந்த மாடலின் விவரம் வெளியிடப்படாது. இதை மென்பொருளே செய்திருக்க வேண்டும், இல்லையா?

அப்புறம், விவரம் வராத இடத்திலும் திரை '0' போட்டுவிடுகிறது. ஏர்பேக் வரிசையில் அது எவ்வளவு பெரிய பொய்!

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு அந்தப் பொத்தானுக்கே.