புளியரை தாண்டி "நீர் சிகிச்சை"க்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் முக்கியமாக இது. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது, தலைசுற்றல், தள்ளாட்டம், நடக்கப் பயம் எல்லாவற்றுக்கும் மருந்தில்லாத நீர் சிகிச்சை என்று, நல்ல தமிழில், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் ஒரு இடத்தைப் பற்றி. அதை நம்பி 18,500 ரூபாய் கட்டினோம். அம்மாவுக்குத் தலைசுற்றலும் தீரவில்லை, முழங்காலிலும் அடி, பணமும் வரவில்லை. புகார் கொடுக்கப் போவதால் இடத்தின் பெயரை இங்கே போடவில்லை.

அம்மாவுக்கு என்ன தொந்தரவு என்றால், படுக்கையில் வலது பக்கம் புரண்டால் வீடே சுற்றும். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தால் சுற்றும். அரை நிமிஷம்தான், ஆனால் அதற்குள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "ஏய்யா, என்னைப் பிடிச்சுக்கோ" என்று கத்திவிடுவாள். அடங்கின பிறகு குமட்டல் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். பேச்சு குழறவில்லை, கை கால் வலு குறையவில்லை, காது நன்றாகவே கேட்கிறது. இவ்வளவையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்த இடத்தில் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. பெயர், வயது, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, பணம் ரொக்கமா ஜிபேயா, அவ்வளவுதான் விசாரணை.

கிளம்பும்போதே எங்கள் மாமா கேட்டார், "குத்தாலத்துல இவ்வளவு தண்ணி கொட்டுது, தண்ணி வைத்தியத்துக்கு மலை தாண்டிப் போணுமாலே?" என்று. ஆனால் செங்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1956 வரை நாமே திருவிதாங்கூர்தானே, வைத்தியம் என்றால் புனலூர், கொட்டாரக்கரை, திருவனந்தபுரம் என்று கால் தானாகப் போகும். அந்தப் பழக்கத்தைத்தான் இந்த மாதிரி ஆட்கள் காசாக்குகிறார்கள். தலை சுற்றுகிற ஒருத்தியை புளியரை எஸ் வளைவில் காரில் கூட்டிப்போனால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நோட்டீஸோடு அனுப்புகிற வீடியோவில் இருக்கும் குளம் வேறு. அதில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சரிவுப் பாதை, ஆவி பறக்கும் தண்ணீர், நோயாளியின் பக்கத்திலேயே மார்பளவு தண்ணீரில் நிற்கும் சிகிச்சையாளர் எல்லாம் உண்டு. நேரில் போனால் அது லாட்ஜின் நீச்சல் குளம். இறங்குவதற்குச் செங்குத்தான ஸ்டீல் ஏணி, சுற்றிலும் ஈரமான வழுவழு டைல்ஸ், சாரல் அடிக்கும் காலையில் விறைக்கிற தண்ணீர், மூக்கில் ஏறும் குளோரின் வாடை. மறுகரையில் டூரிஸ்ட் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை கொடுத்தவன் கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பையன். இருபது வயது இருந்தால் அதிகம். மலையாளமும் தமிழும் கலந்து மரியாதையாகத்தான் பேசினான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிசியோதெரபிஸ்ட் எங்கே என்றால் "சார் திருவனந்தபுரத்துல, வந்துடும்" என்பான். அந்த சார் கடைசிவரை வரவில்லை.

அவன் செய்தது இதுதான். அம்மாவைத் தண்ணீரில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு காதும் முங்கும்படி மிதக்கவிட்டான். "பேடிக்கண்டா அம்மே" (பயப்படவேண்டாம் அம்மா) என்று சொல்லிக்கொண்டே தலையை வலது பக்கம் திருப்பினான். அம்மா அவன் கையை நகத்தால் கீறிவிட்டாள். நான் கரையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கருவிழி இரண்டும் ஒரே பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது, சில நொடிகள் கழித்துத் தானாக நின்றது. தூக்கி நிறுத்தினதும் வாந்தி. "பித்தம் இறங்குது, நல்லதுதான்" என்றார் கவுண்டரில் இருந்தவர். மறுபடியும் கூட்டிக்கொண்டு போனபோதுதான் ஏணியில் கால் வழுக்கி முழங்கால் போய் இடித்தது.

எங்களோடு இன்னொரு பெரியவர் வந்திருந்தார், காதில் எண்ணெய்ப் பஞ்சு, காதிலிருந்து சீழ் வருகிறது என்று அவரே சொன்னார். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவர்களைக் குளத்தில் இறக்கவே கூடாது. அவரையும் பஞ்சை எடுக்கச் சொல்லி இறக்கினார்கள்.

போகும்போது கையில் வெட்டிய ஸ்ட்ரிப்பில் சில மாத்திரைகள் கொடுத்தார்கள். மருந்தில்லாத சிகிச்சையாம்! எங்கள் தெரு மெடிக்கலில் காட்டினால் சின்னாரிசின் என்றார்கள். அந்த மாத்திரையை வயதானவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கமும் நடை தளர்ச்சியும் வரலாம். தள்ளாட்டத்துக்கு வைத்தியம் என்று சொல்லி இதைக் கொடுக்கிறார்கள் என்றால் என்ன சொல்ல.

அப்புறம் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு போட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தோம். கூட்டம்தான், பாதி நாள் பெஞ்சிலேயே போனது. ஆனால் உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே "எவ்வளவு நேரம் சுத்துது, புரண்டு படுக்கும்போதா, நிக்கும்போதா?" என்பதுதான். கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்துத் தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுக் கண்ணையே பார்த்தார். குளத்தில் நான் பார்த்த அதே வெட்டு. டிக்ஸ், ஹால்பைக் என்று இரண்டு பேர் 1952-ல் எழுதிவைத்த சோதனை இது, இதற்கு ஸ்கேனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

விஷயம் இதுதான். உள்காதில் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்கவேண்டிய பொடிப் பொடியான சுண்ணாம்புத் துகள்கள், கால்சியம் கார்பனேட், பெயர்ந்துபோய்ப் பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. அந்தக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சுழல்கிறது என்று மூளைக்குச் சொல்பவை. துகள் உள்ளே உருண்டால் சுழலாத தலையைச் சுழல்வதாகச் சொல்லும். தலைசுற்றலில் அதிகம் பேருக்கு வருவது இதுதான், பி.பி.பி.வி. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற காது டாக்டர் 1992-ல் வெளியிட்ட முறைப்படி, தலையை ஒரு வரிசையில் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வைத்திருந்து, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடலாம். கட்டிலிலேயே செய்தார், டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அம்மா அன்று ராத்திரி வலது பக்கம் புரண்டு படுத்தாள். திரும்பவும் வரலாம், வந்தால் திரும்பவும் இதையே செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார். யூடியூப் பார்த்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள், எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் பலனும் இருக்காது, கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் அது வேறு வம்பு.

குளத்து விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் நல்ல மனுஷனுக்கே தலை சுற்றும், ஆஸ்பத்திரியில் அதை வைத்துத்தான் உள்காது நரம்பையே சோதிக்கிறோம், அதைக் கண்டுபிடித்த பாராணிக்கு 1914-க்கான நோபல் பரிசே கொடுத்தார்கள் என்றார். உள்காது பழுதானவர்களுக்குத் தண்ணீருக்குள் கண்ணை மூடினால் மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார். அந்தக் குளத்தின் ஆழமான பக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதைப் படித்துவிட்டு நீர் சிகிச்சையே பொய் என்று யாரும் கிளம்பவேண்டாம், அப்படி இல்லை. உள்காது நரம்பு நிரந்தரமாகப் பலம் குறைந்து, மாதக்கணக்கில் தள்ளாட்டமும் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருப்பவர்களுக்கு அது உதவும். மார்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்கும் எடை மூன்றில் ஒரு பங்குதான், தடுமாறினாலும் தண்ணீர் மெதுவாகத்தான் சாய்க்கும், அதனால் பயமில்லாமல் நடந்து பழகலாம், பார்வையை ஒரு இடத்தில் நிறுத்தித் தலையைத் திருப்பிப் பழகலாம். பிரேசிலில் இதை ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் 33, 34 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கவேண்டும், பிசியோதெரபி பட்டம் (பி.பி.டி.) படித்தவர் கூடவே தண்ணீருக்குள் நிற்கவேண்டும், இதயம் பலவீனமானவர்களையும் வலிப்பு அடங்காதவர்களையும் முதலிலேயே வடிகட்டவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஏன் சுற்றுகிறது என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கவேண்டும். போனில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆட்கள் "நல்ல இயற்கைத் தண்ணி சார்" என்றார்கள்.

பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் மரத்துப்போவது, நிற்கவே முடியாமல் சரிவது இதில் ஏதாவது சேர்ந்துகொண்டு தலை சுற்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது குளமும் வேண்டாம் கட்டிலும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பணத்தைக் கேட்டால் முதலில் ஓனர் கல்ஃபில் இருக்கிறார் என்றார்கள், பிறகு ஓணம் கழியட்டும் என்றார்கள், கடைசியில் "கேஸ் போடணும்னா கொல்லம் வரணும், வருவீங்களா?" என்று நக்கல். வரவேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம். ரசீதில் "வெல்னஸ் பேக்கேஜ், பணம் திருப்பித் தரப்படாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள், அந்த ஸ்டாம்ப் சட்டம் இல்லை. நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பின பிறகு பாதிப் பணம் தருகிறோம், இனி யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. இதே மாதிரி மஞ்சள் ரசீது உங்களிடமும் இருந்தால், அந்த வீடியோவையும் நோட்டீஸையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.