ஓஎல்இடி திரையும் அசையாத டாஸ்க்பாரும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ஓஎல்இடி மானிட்டர்களின் விலை இறங்கியிருக்கும் நிலையில் வாங்கலாமா என்று கேட்ட நண்பர் ஒருவர், மென்பொருளால் திரை கெட்டுப்போகுமா என்றும் கூடவே கேட்டிருந்தார். முதல் கேள்விக்கான விடை இரண்டாவதில்தான் இருக்கிறது. கெட்டுப்போகும், என் மானிட்டரில் அது கண்ணுக்குத் தெரிகிறது.

பழைய குழாய்த் திரைகளின் காலத்திலும் இது வெறும் வதந்தியல்ல. ஐபிஎம் 1981இல் விற்ற 5151 மானிட்டர், ஒவ்வொரு வரியையும் வரையத் தேவையான கிடைமட்டத் துடிப்புக்கு, கணினியிலிருந்து படத்தை அனுப்பும் வீடியோ கார்டையே சார்ந்திருந்ததால், கார்டில் தவறான எண்களை எழுதும் நிரல் அதன் சுற்றையே எரித்துவிடக்கூடியதாக இருந்தது. பின்னாளில் வந்த மானிட்டர்கள், வரம்பு மீறிய சிக்னலைத் தாமே மறுத்துவிட்டதால் அந்த அச்சம் நீங்கியது.

ஓஎல்இடியில் கேடு விளைவிக்கத் தவறான நிரல் எதுவும் தேவையில்லை என்பதுதான் வேதனை. இதில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து, பாயும் மின்னோட்டத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பத் தேய்கிறது. நாள் முழுவதும் ஓரிடத்தில் நிற்கும் டாஸ்க்பார், பிரவுசரின் மேல்பட்டை ஆகியவற்றின் கீழுள்ள புள்ளிகள் மற்றவற்றைவிட வேறு வேகத்தில் மூப்படைகின்றன. பின்னொளியால் ஒளிரும் எல்சிடி திரையில் இப்படித் தங்கும் நிழல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் மறைந்துவிடும்; இது மறையாது. முழுத்திரையில் சாம்பல் நிறத்தை வைத்தால், என் மானிட்டரின் கீழ் ஓரத்தில் டாஸ்க்பாரின் தடம் துலக்கமாகத் தெரிகிறது. பயன்பாட்டால் வந்த தேய்மானம் உத்தரவாதத்தில் சேராது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். டாஸ்க்பார் இல்லாமல் கணினியை எவர் பயன்படுத்துகிறார்?

இருந்தாலும் என்னைத் தினமும் எரிச்சலூட்டுவது அந்தத் தடமல்ல, அதைத் தடுக்க வந்த காவல்தான். நான்கு மணி நேரம் ஓடியதும், பிக்சல் புதுப்பிப்பைத் தொடங்கச் சொல்லும் பெட்டி, எழுதிக்கொண்டிருக்கும் வரியின் மேலேயே வந்து நிற்கிறது. நியாயமாகச் சொன்னால் அந்தப் பணி அவசியமானது: புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைத் திருத்துவதால் வேறுபாடு குறைந்து தெரிகிறது. ஆனால் திரையை அணைத்த பிறகு ஓசையில்லாமல் முடித்துக்கொள்ளக்கூடிய வேலைக்கு, உழைத்துக்கொண்டிருப்பவரை ஏன் நிறுத்த வேண்டும்? வெள்ளைப் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கினால் திரை முழுவதும் சட்டென்று மங்குவதும் இதே வகைதான். எழுத்தின் ஓரங்களில் தெரியும் வண்ணக் கீற்றுகள் கண்ணுக்குப் பழகிவிட்டன. இந்தக் குறுக்கீடு பழகவில்லை.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு படத்தை ஓடவிட்டால் இத்தனை கோபமும் அடங்கிவிடுகிறது. கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருப்பதையும், இருட்டுக் காட்சியில் ஒரு முகம் மட்டும் துலங்கி வருவதையும் எல்சிடி வகையைச் சேர்ந்த எந்த ஐபிஎஸ் திரையிலும் நான் கண்டதில்லை.

நண்பர் பகல் முழுவதும் கணினியில் கணக்குத் தாள்களோடு இருப்பவர். அவருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன், வாங்கியே தீருவதானால் டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்து, வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். இதற்குப் பிறகு நீங்கள் எதை வாங்குவீர்கள் என்று அவர் கேட்டபோது, இன்னொரு ஓஎல்இடியைத்தான் என்றேன்.