வெறும் தலை, தெர்மகோல், வழுக்குத் தகடு, காற்றுப்பை: சைக்கிள் ஹெல்மெட் ஓர் ஒப்பீடு

மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. வளைவில் திரும்பும்போது சாலையில் பூசியிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம் வழுக்கியது. கையை ஊன்ற வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் தலையின் வலப்பக்கம் தரையில் இடித்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். உள்ளே, காதுக்கு மேலே, தெர்மகோல் ஒரு தீப்பெட்டி அளவுக்கு நசுங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு விரிசல் உச்சி வரை ஓடியிருந்தது.

"ஹெல்மெட்தான் காப்பாற்றியது" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த விரிசல் சாட்சி சொல்லாது. அடுத்த ஹெல்மெட் வாங்குவதற்கு முன் ஆய்வுகளையும் சோதனைக்கூட முடிவுகளையும் தேடிப் படித்தேன். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதிலேயே நிறையப் பேர் குழம்புகிறார்கள் என்று அப்போது புரிந்தது. பெரிய வித்தியாசம் ஹெல்மெட்டுக்கும் வெறும் தலைக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு ஹெல்மெட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வரும்.

வெறும் தலையும் தெர்மகோலும்

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 19.5 கிலோமீட்டர். வெறும் தலையில் அந்த வேகம் முழுவதும் தோலும் சதையும் அழுங்கும் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலை தாங்கும் சராசரி அதிர்வு புவியீர்ப்பைப் போல 375 மடங்கு. நடுவில் தெர்மகோல் இருந்து அது 20 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதே கணக்கு 75 மடங்காக இறங்கிவிடுகிறது. இது சராசரிதான், உச்சத்தில் இன்னும் அதிகமாக இருக்கும். ஆனாலும் ஹெல்மெட் செய்யும் வேலை மொத்தமும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. தலை நிற்பதற்கு அது கொஞ்சம் தூரம் வாங்கித் தருகிறது.

இதனால்தான் நசுங்கியதா என்று பார்ப்பது விரிசலைப் பார்ப்பதைவிட முக்கியம். நசுங்காமல் வெறுமனே உடைந்த தெர்மகோல் அடியின் சிறு பங்கைத்தான் வாங்கியிருக்கும். இரண்டாகப் பிளந்த ஹெல்மெட்டின் படத்தைக் காட்டி "உயிர் பிழைத்தேன்" என்பவர்களும், அதே படத்தைக் காட்டி "பாருங்கள், தாங்கவில்லை" என்பவர்களும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இனி மனிதர்களிடம் கண்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்றது. அந்த எண் பல ஆண்டுகள் எல்லா விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளிலும் இருந்தது. அதில் ஒரு பலவீனம் உண்டு. ஹெல்மெட் போடுகிறவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி ஓட்டுகிறவர்கள் அல்லர். ஓட்டும் இடம், வேகம், எச்சரிக்கை எல்லாம் வேறுபடும். பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய எண் மறுபடி கிடைக்கவில்லை. 2013-இல் அமெரிக்க அரசு அமைப்புகளே அந்த 85-ஐக் கைவிட்டன.

அதற்காக எண் சுழியாகிவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவியர், கிரைட்டன் இருவரும் 40 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2016-இல் ஓர் அலசல் வெளியிட்டார்கள். அடிபட்ட சைக்கிள்காரர்கள் 64,000 பேருக்கு மேல். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயத்தின் சாத்தியம் 51 சதவீதம் குறைவு, கடுமையான தலைக்காயத்துக்கு 69 சதவீதம் குறைவு, உயிரைப் பறிக்கும் தலைக்காயத்துக்கு 65 சதவீதம் குறைவு. முகக்காயத்தில் 33 சதவீதம்தான் குறைவு. சாதாரண ஹெல்மெட் நெற்றியோடு நின்றுவிடுகிறது, மூக்கையும் தாடையையும் மூடுவதில்லை என்பதை யோசித்தால் இதில் வியப்பில்லை. ஹெல்மெட் கழுத்தை ஒடித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. இந்த அலசலில் கழுத்துக் காயத்தோடு அதற்குத் தெளிவான தொடர்பு தெரியவில்லை. நார்வேயைச் சேர்ந்த ஹோயே 2018-இல் செய்த இன்னொரு தொகுப்பிலும் ஏறக்குறைய இதே படம்தான்: தலைக்காயம் 48 சதவீதம், கடுமையான தலைக்காயம் 60 சதவீதம் குறைவு.

இந்த எண்கள் விழுந்து அடிபட்டவர்களைப் பற்றியவை. விழுவதையே தடுப்பது ஹெல்மெட்டின் வேலை இல்லை.

மறுதரப்பு சொல்வதில் நிற்பது எது

ஹெல்மெட்டை எதிர்ப்பவர்களை முட்டாள்களாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் சொல்வதில் ஒன்று அப்படியே உண்மை. நெதர்லாந்தில் அன்றாடம் சைக்கிளில் போகிறவர்களில் மிகச் சிலரே ஹெல்மெட் போடுகிறார்கள். இருந்தும், ஓட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால், சைக்கிளுக்கு உலகின் பாதுகாப்பான நாடுகளில் அது ஒன்று. தனிப்பாதை, மெதுவாகப் போகும் வாகனங்கள், வழிவிடும் பழக்கம் ஆகியவை மோதலையே குறைக்கின்றன. மோதல் நடந்த பிறகுதான் ஹெல்மெட் வேலைக்கு வருகிறது. ஒன்று குடை, மற்றது கூரை. கூரை நல்லது என்பதற்காக, கூரை இல்லாத இடத்தில் நிற்கிறவரிடம் குடையைப் பிடுங்க முடியாது.

கட்டாயச் சட்டம் வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு மெல்போர்னில் எடுத்த கணக்கெடுப்புகளில் சைக்கிளில் வரும் பதின்வயதினர் குறைந்தது தெரிந்தது. சைக்கிளை விட்டவர்கள் இழந்த உடற்பயிற்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் சட்டத்தை எதிர்ப்பவர்கள். அது நியாயமான வாதம்தான். ஆனால் அது சட்டம் இயற்றுகிறவருக்கான வாதம். எப்படியும் ஓட்டப்போகிற ஒருவர் தலையில் எதையாவது போடலாமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற ஆய்வாளர் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவி பொருத்தித் தானே ஓட்டினார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாகக் கடந்தன என்று 2007-இல் எழுதினார். அதே தரவை 2013-இல் மறுபடி அலசியவர்கள், ஆபத்தான அளவுக்கு, அதாவது ஒரு மீட்டருக்குள், நெருங்கிய வாகனங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஹெல்மெட்டால் வித்தியாசம் இல்லை என்றார்கள். இதை வைத்து ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடிக்கடி கேட்கும் இன்னொன்று: "இருபது கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் சோதிக்கிறார்கள், அதற்கு மேல் போனால் ஹெல்மெட் வீண்." சோதனை வேகம் உண்மைதான். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1078, தட்டையான பரப்பில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிட்டு, அதிர்வு 250 மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்கத் தரநிலை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டு 300 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த வேகம் தலை தரையை நோக்கி இறங்கும் வேகம். 35 கிலோமீட்டரில் ஓட்டுகிறவர் வழுக்கி விழும்போதும் தலை இறங்குவது ஏறக்குறைய அதே உயரத்திலிருந்துதான். முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதி தேய்ப்பிலும் உருளலிலும் போய்விடுகிறது. சுவரிலோ வாகனத்திலோ தலை நேராகப் போய் மோதினால் கதை வேறு. அங்கே ஓட்டிய வேகம் அப்படியே வந்து சேரும், தெர்மகோல் முழுதும் நசுங்கி முடிந்த பின்னும் அடி மிச்சம் இருக்கும். லாரிச் சக்கரத்தின் முன் எந்த சைக்கிள் ஹெல்மெட்டும் ஒன்றும் செய்யாது.

நேரடி அடியும் சுழற்சியும்

கடைக்குப் போனால் மஞ்சள் நிறப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட்டைக் காட்டுவார்கள். அது மிப்ஸ். தலைக்கும் தெர்மகோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். அடிபடும்போது அது எந்தத் திசையிலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்கும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட், கே.டி.எச். பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹால்டின் இருவரின் முயற்சியில் பிறந்தது.

இதன் பின்னால் உள்ள காரணம் கெட்டியானது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே சொன்னார்: மூளை எளிதில் அழுங்காது, ஆனால் எளிதில் முறுக்கிக்கொள்ளும். கிண்ணத்தில் இருக்கும் ஜெல்லியைப் போல, மண்டையோடு சட்டென்று திரும்பினால் உள்ளே இருப்பது பின்தங்கி இழுபடும். நரம்பிழைகள் அறுவதும், மூளையின் மேற்பரப்பு ரத்தக்குழாய்கள் கிழிவதும் இந்த இழுவையால்தான். சைக்கிளிலிருந்து விழுகிறவரின் தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் தரையைத் தொடும், தொட்டவுடன் சுழலும். மேலே சொன்ன இரண்டு தரநிலைகளும் அளப்பது நேர்க்கோட்டு அதிர்வை மட்டும்.

அப்படியானால் மிப்ஸ் இல்லாததை ஒதுக்கிவிடலாமா? இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன். மிப்ஸுக்கு ஆதரவான சான்று பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் செயற்கைத் தலையை வைத்து எடுத்தது. உண்மைத் தலையில் முடியும் தோலும் தாமாகவே கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், ரப்பர் பூசிய செயற்கைத் தலை அப்படிக் கொடுக்காது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளை 45 பாகைச் சரிவில் மோதவிட்டு, சுழற்சியையும் சேர்த்து அளந்து நட்சத்திரம் கொடுக்கிறது. அதன் பட்டியலில் மேலே வழுக்குத் தகடு வைத்தவை நிறைய. ஆனால் தகடே இல்லாமல், தெர்மகோலையே கட்டம் கட்டமாகச் செதுக்கிய, லேசர் (Lazer) என்ற ஹெல்மெட் நிறுவனத்தின் வடிவமைப்பும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. விலை குறைந்த சிலவும் ஐந்து வாங்கியிருக்கின்றன. என் முடிவு இதுதான்: தலைக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டில் ஒன்றில் சுழற்சித் தடுப்பு இருந்தால் அதை எடுங்கள். பொருந்தாத ஒன்றை அந்த மஞ்சள் புள்ளிக்காக எடுக்காதீர்கள்.

காற்றுப்பை

கழுத்தில் துணிப்பட்டை போலக் கட்டிக்கொண்டு, விழும்போது மட்டும் விரியும் ஹோவ்டிங், ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா ஹாப்ட், டெரீஸ் ஆல்ஸ்டின் என்ற இரு வடிவமைப்பு மாணவிகளின் யோசனை. இயற்பியல்படி பார்த்தால் இதற்கு ஈடில்லை. தெர்மகோல் சில சென்டிமீட்டர்தான் தரும், காற்றுப்பை அதைப்போலப் பல மடங்கு தூரம் தரும். ஸ்டான்ஃபோர்டில் 2016-இல் செய்த வீழ்த்தல் சோதனையில் அதிர்வு சாதாரண ஹெல்மெட்டில் கண்டதில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. ஆனால் அந்தச் சோதனையில் பையை முன்கூட்டியே முழு அழுத்தத்தில் ஊதி வைத்திருந்தார்கள். அழுத்தம் குறைந்தால் தலை பையைத் தாண்டித் தரையைத் தொட்டுவிடும் என்ற எச்சரிக்கையையும் அவர்களே தந்தார்கள்.

இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தெர்மகோலுக்கு மின்கலம் வேண்டாம், அது விழுதலை அடையாளம் காண வேண்டியதில்லை. காற்றுப்பை சார்ஜில் இருக்க வேண்டும், போடுகிறவர் அதை முடுக்கி வைத்திருக்க வேண்டும், உணரி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விழுவதற்கு முன்பே தாழ்ந்த கிளையிலோ வாகனத்தின் விளிம்பிலோ தலை நேராக இடித்தால் விரிய நேரமே இருக்காது. 2023 டிசம்பரில் ஸ்வீடனின் நுகர்வோர் அமைப்பு ஹோவ்டிங் 3-இன் விற்பனையை நிறுத்தச் சொன்னது, அதே மாதம் நிறுவனம் திவாலானது. யோசனை அருமையானது, வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் இருக்கும் மற்றவை

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அடியைத் தாங்கும், தாடையை மூடினால் முகத்தையும் காக்கும். ஆனால் எடை ஒரு கிலோவுக்கு மேல். மிதிக்கும்போது கிளம்பும் உடல் சூடு வெளியேற வழியில்லை. ஒரு வாரத்தில் அது ஹேண்டில்பாரில் தொங்கும். கட்டுமானத் தொப்பி மேலிருந்து விழும் பொருளுக்கானது, பக்கவாட்டு அடிக்கு அதனுள் ஒன்றும் இல்லை. முகம் மூடிய மலைச் சைக்கிள் ஹெல்மெட் செங்குத்து இறக்கத்தில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்குத் தேவை, அன்றாடப் பயணத்துக்குத் தேவையில்லை.

மிகப் பெரிய வித்தியாசம் வாரில்

எந்த வகையை வாங்கினாலும், பின்னந்தலைக்குச் சரிந்த ஹெல்மெட் நெற்றியைத் திறந்து விட்டுவிடுகிறது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு பக்க வார்களும் காதுக்குக் கீழே 'வி' வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். வாரைப் போடாமல், பின்திருகை மட்டும் இறுக்கித் தலையை உலுக்கிப் பாருங்கள். ஆடினால் அளவு தப்பு.

பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு ஏறுகம்பியிலோ சறுக்குமரத்திலோ விளையாடப் போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கம்பிகளின் இடுக்கில் ஹெல்மெட் சிக்கி, வார் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. இதற்காகவே ஐரோப்பாவில் இ.என். 1080 என்று சிறு குழந்தைகளுக்குத் தனித் தரநிலை வைத்து, இழுபட்டால் தானே விடும் கொக்கியைக் கேட்கிறார்கள்.

ஐந்து ஆண்டானால் தூக்கிப்போட வேண்டும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பழைய ஹெல்மெட்டுகளை எடுத்து மோதவிட்டுப் பார்த்தவர்கள், வயதால் மட்டும் தெர்மகோலின் திறன் பெரிதாகக் குறைவதில்லை என்று கண்டார்கள். பெட்ரோலும் பெயிண்ட் கரைப்பானும் அதைக் கரைக்கும், அவை படாமல் வைத்தால் போதும். ஆனால் ஒருமுறை தலையோடு தரையில் மோதியதை வைத்துக்கொள்ளவே கூடாது. நசுங்கிய தெர்மகோல் மறுபடி எழாது, அடுத்த அடிக்கு அங்கே கொடுக்கத் தூரம் இல்லை.

என்னுடையது வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது. கிடைத்தால் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதனால் இரண்டு வார்களையும் கத்தரியால் வெட்டிவிட்ட பிறகுதான் குப்பையில் போட்டேன்.