ஐந்து பிரேஸ்லெட்டில் இரண்டுதான் வெள்ளி

வேலூர் பஜார் பக்கம் வெள்ளி பிரேஸ்லெட்டைச் செட்டாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கையில் ஒழுங்கான பில் இல்லாதவள் பெயரைச் சொன்னால் வம்பு எனக்குத்தான் வரும். பில் ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும்.

அக்கா மகள் காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரே கையில் நாலைந்து பிரேஸ்லெட்டை அடுக்கிப் போட்டுக்கொள்வதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. "சித்தி, ஒவ்வொன்றாக வாங்கினால் ஒன்றுக்கொன்று சேராது, செட்டாகவே எடுக்கலாம்" என்றாள். பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தருவதாக ஏற்பாடு.

கடைக்காரர் அடுக்கிக் காட்டிய அழகைக் குறை சொல்ல முடியாது. மணிக்கட்டை ஒட்டி முறுக்குக் கம்பி வளையம், அதற்கு மேல் பட்டையான காப்பு, பிறகு பெட்டிச் சங்கிலி, அரை அங்குலம் தளர்வாகக் குட்டி மணிகள் தொங்கும் சங்கிலி, கடைசியாகக் குண்டுகள் கோத்தது ஒன்று. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும், நீளம் மாறி மாறி இருக்க வேண்டும் என்று விளக்கினார். கைக்கடிகாரத்தை மற்றக் கைக்கு மாற்றச் சொன்னார். தொழில் தெரிந்த ஆள் என்று எனக்கு மரியாதையே வந்துவிட்டது. அந்த மரியாதையில்தான் கண் மறைந்தது.

முறுக்கு வளையத்தையும் பெட்டிச் சங்கிலியையும் என் கையில் தந்து, பூதக்கண்ணாடியையும் நீட்டினார். இரண்டிலும், தூய்மையைச் சோதித்துக் குத்தும் ஹால்மார்க் முத்திரை இருந்தது. மற்ற மூன்றில் கொக்கியிலும் ஓரத்திலும் 925 என்ற எண் மட்டும்; ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அதற்கு அர்த்தம். "காந்தம் வைத்துப் பாருங்கள் அம்மா" என்று அவரே எடுத்துத் தந்தார். ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? பித்தளையும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஐந்தையும் சேர்த்துத் தராசில் போட்டார். 62 கிராம். மொத்தத்துக்கும் 925 வெள்ளியின் விலை, அதன்மேல் செய்கூலி. பில் போட்டால் 3 சதவீத ஜிஎஸ்டி சேரும், எதற்கு வீண் செலவு என்று ஒரு துண்டுச் சீட்டில் கணக்கெழுதித் தந்தார். நானும் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

குட்டு வெளிப்பட்டது அந்த அடுக்காலேயேதான். அடுக்கிப் போட்டால் ஒன்றோடொன்று நாள் முழுக்க உரசும். பத்தாவது நாள், முறுக்கு வளையம் உரசுகிற இடத்தில் காப்பின் விளிம்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. முதலில் சந்தனம் என்று நினைத்து அக்கா மகள் துடைத்தாள். போகவில்லை. மணிச் சங்கிலி பட்ட இடத்தில் தோல் சிவந்து அரிப்பு வேறு. தோல் பச்சையாவதையோ நகை கறுப்பதையோ மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 925 வெள்ளியில் கலக்கும் செம்பும் தோலில் கறை விடும். அசல் வெள்ளிதான் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். ஆனால் வெள்ளிக்குள்ளிருந்து மஞ்சள் வராது.

குடியாத்தத்தில் எங்கள் மாமியார் வீட்டுக்குப் பழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோனேன். காப்பின் உட்பக்கம் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தார். மேல்பூச்சுக்குக் கீழே மஞ்சள். ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். பச்சையாகப் பொங்கியது. மணிச் சங்கிலியிலும் குண்டுச் சங்கிலியிலும் அதே பச்சைதான். பிறகு கொக்கியைத் தனியாகத் தேய்த்துச் சொட்டு விட்டார்; அது வெள்ளி! சங்கிலி போலி, 925 குத்திய கொக்கி மட்டும் அசல். "எண் பொய் சொல்லவில்லை அம்மா, கொக்கிக்குத்தான் அந்த எண்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அசல் இரண்டையும் தனியாக நிறுத்தார். 23 கிராம். மீதி 39 கிராமில் அந்தக் கொக்கிகள் போக எல்லாம் பித்தளையும் ஜெர்மன் சில்வரும்; அதற்கும் வெள்ளி விலை கொடுத்திருக்கிறேன்.

925 என்று குத்த ஓர் அச்சும் சுத்தியலும் போதும். ஹால்மார்க் என்றால் பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் தூய்மை எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு வந்திருக்கிறது. பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்துவிடலாம். தங்கத்தைப் போல வெள்ளிக்கு இது கட்டாயமாக்கப்படவில்லை என்பதுதான் இப்படிப்பட்டவர்களுக்கு வசதி. செட்டாகவே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் தனியாக நிறுக்கச் சொல்லி, பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் உருப்படியைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கடைக்குத் திரும்பப் போனோம். அவை ஃபேன்சி உருப்படி, அப்போதே சொன்னேனே என்றார். சொல்லவில்லை. பணம் தரும் வழக்கம் இல்லை, பாதி விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். இன்னும் மூன்று போலியை நான் கட்டிக்கொள்ளவா? நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி, பில் இருக்கிறதா என்பது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. 62 என்ற எண்ணும், அதற்குக் கீழே ஒரு பெருக்கல் கணக்கும் மட்டும் இருந்தன.